அஸ்தம் பிறக்க எட்டு நிமிடம்

அப்பாவின் உயிர் போனபோது பக்கத்தில் அம்மா இருந்தாள். அக்கா இருந்தாள், அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார மாமி சத்தம் கேட்டு வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தார். நான் இல்லை. எங்கே இருந்தேன் என்பதை இப்போது இரண்டு விதமாகச் சொல்ல முடியும். அப்போது நான் நம்பியதை முதலில் சொல்கிறேன். நான் மொட்டைமாடியில் இருந்தேன். கீழே இறங்கப் பதினேழு படி.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல்கட்டு. அம்மா முன்வீட்டில் பாத்திரம் துலக்கி வீடு துடைப்பாள். அப்பா சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டினார். அக்காவுக்கு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. எட்டாவதோடு நின்றவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கரண்ட் பில்லோ மாத்திரை அட்டையோ பேங்க்கிலிருந்து வருகிற கடிதமோ, வீட்டுக்குள் வருகிற எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். நான் என்ன படித்துச் சொல்கிறேனோ அதுதான் அதில் எழுதியிருக்கிறது.

அப்போது எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் முடிந்திருந்தது. கோடை விடுமுறைக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். எங்கள் பேராசிரியர் கருவி எதுவும் கேட்கவில்லை. மூன்று மாணவர்கள், மூன்று மொட்டைமாடி, ஒரே ஒரு நட்சத்திரம். ஒருவன் லால்குடியில், ஒருவன் உறையூரில், நான் ஸ்ரீரங்கத்தில். சூரியன் மறைந்த பிறகு அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்கு எத்தனை மணிக்குத் தெரிகிறது என்று தினமும் எழுத வேண்டும். ஊர் விளக்குகள் வானத்தை எவ்வளவு கெடுத்திருக்கின்றன என்பது மூன்று ஊருக்கும் உள்ள நிமிட வித்தியாசத்தில் தெரிந்துவிடும் என்றார்.

காக்கை என்று ஒரு சின்ன மண்டலம். நான்கு நட்சத்திரங்கள், கோணிப்போன ஒரு சதுரம், அவ்வளவுதான். சித்திரை, வைகாசி மாதங்களில் பொழுது சாய்ந்ததும் தெற்கே பார்த்து நின்றால் நல்ல உயரத்தில் இருக்கும். சதுரத்தின் கீழ் இடது மூலையில் இருப்பது எங்களுடையது. பட்டியலில் அதற்கு பீட்டா என்று பெயர். பார்க்கப் புள்ளி. உண்மையில் அது ஒரு மஞ்சள் ராட்சதன். சூரியனைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால் சூரியன்தான் புள்ளி. அதிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் நம்மிடம் வந்து சேர நூற்று நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

பேராசிரியர் ஒரு விதியில் மட்டும் கறாராக இருந்தார். தெரிகிற மாதிரி இருந்தால் எழுதக் கூடாது. கண்ணை எடுத்துவிட வேண்டும். தரையைப் பார்க்க வேண்டும். மறுபடி அதே இடத்தில் தேட வேண்டும். அப்போதும் இருந்தால்தான் நேரத்தைக் குறிக்க வேண்டும். “ஆசைப்பட்டா எல்லா இடத்துலயும் நட்சத்திரம் தெரியும்ப்பா. ரெண்டு தடவை பாக்காம எழுதாதீங்க,” என்றார்.

தினமும் லால்குடிக்காரன்தான் முதலில் போன் செய்வான். அவன் வீட்டைச் சுற்றி வயல். “ஏழு நாலு. வந்தாச்சு. ஸ்ரீரங்கத்து சாமி இன்னும் கோபுர லைட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?” என்பான். உறையூர்க்காரன், “எனக்கு எதுத்த வீட்டு மாடியில காயப்போட்ட சேலதான்டா தெரியுது. அதுவும் ராட்சதன் சைஸ்தான். எழுதிக்கட்டுமா?” என்பான்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. “அண்ணாந்து பாக்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பு. கழுத்து சுளுக்கினா அதுக்கும் மார்க்கு போடுவாங்களா?” என்று கேட்டாள்.

அப்பா ஒரு நாள் மேலே வந்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன். என் தோளுக்குப் பின்னால் தலையை வைத்து, என் விரல் நுனி வழியாகப் பார்த்தார். அவருக்குக் கண்புரை ஆரம்பித்திருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

“தெரியுதாப்பா?”

“எங்க? ஒண்ணும் இல்லையே.”

“அந்தத் தென்னமரத்துக்கு நேர் மேல.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ பாத்துட்டேல்ல?” என்றார்.

“பாத்துட்டேன்.”

“அப்ப இருக்கும். எழுதிக்க,” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

சித்திரைத் தேர் முடிந்து பன்னிரண்டாம் நாள். ஏகாதசி. முன்வீட்டில் அன்று உலை வைக்க மாட்டார்கள். துலக்கப் பாத்திரம் இருக்காது. அதனால் அம்மா சாயங்காலம் வீட்டிலேயே இருந்தாள். அக்காவுக்கு வார விடுப்பு. அப்பா வெயிலில் இரண்டு நடை சிமெண்டு ஏற்றிவிட்டு நாலு மணிக்கே வந்து படுத்திருந்தார். வளர்பிறை நிலா காக்கைக்கு மேலே வந்து நின்றது. நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் கரைந்துபோகும். அந்த மாதிரி நாளும் கணக்கில் வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு அன்றைய குறிப்பு முக்கியமாக இருந்தது.

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். “டேய், அப்பாவுக்கு நெஞ்ச என்னமோ பண்ணுதாம். செத்த கீழ வாயேன்.”

அப்பாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை வாயு நெஞ்சை அடைக்கும். சோடா வாங்கி வரச் சொல்வார். “ரெண்டு நிமிஷம்மா,” என்றேன்.

நட்சத்திரம் தெரிந்தது. தரையைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். இருந்தது. போனில் ஏழு பதினொன்று. நோட்டில் எழுதினேன். பேனாவை நோட்டிலிருந்து எடுப்பதற்குள் அம்மா கத்தினாள்.

கீழே போனபோது அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். மூச்சு இல்லை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைதான் வைத்துப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அம்மா, “டாக்டரக் கூட்டியாடா, டாக்டரக் கூட்டியா” என்று கத்தியதால் தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். முடியும் வரை நின்றேன். அவசரம் என்று சொன்னேன், ஆனால் உரக்கச் சொல்லவில்லை. போனது போய்விட்டது என்று என் மனதில் இருந்தது. டாக்டர் தன் ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பார்த்துவிட்டு ஒரு சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தார். இரவு ஏழு முப்பத்தைந்து. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு வந்து திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் முற்றத்தில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“என்ன நட்சத்திரத்துல போனான்? அடைப்பு இருக்கான்னு பாக்கணும்ல?”

சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும். நட்சத்திரத்துக்குத் தக்கபடி ஆறு மாதமோ மூன்று மாதமோ யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. சாயங்காலம் ஒரு விளக்கு மட்டும் ஏற்ற வேண்டும். நாலு அறை உள்ளவர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்றதில் இருந்துகொள்வார்கள். எங்களுக்கு இருந்ததே ஓர் அறை.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர்தான். வீட்டுக்கார மாமா முன்வீட்டிலிருந்து தன் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை படிக்கிறவர்.

“நேத்திக்கு உத்திரம். ராத்திரி ஏழு பத்தொன்பது வரைக்கும். அப்புறம் அஸ்தம்.”

“அஸ்தத்துக்கு அடைப்பு உண்டுங்களா?”

“அஸ்தத்துக்கு ஒண்ணும் இல்லை. உத்திரத்துக்குத்தான் மூணு மாசம் சொல்றா.”

மாமி பின்னாலிருந்து, “ஏகாதசியில போயிருக்கார். புண்ணியவான். நேரா வைகுண்டம்தான்,” என்றார். அதில் எல்லோருக்கும் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

பெரியப்பா அம்மாவிடம் கேட்டார். “எப்ப இருக்கும்மா?”

“வெளக்கு வச்சுட்டேன்... அப்புறந்தான் நெஞ்சப் பிடிச்சாரு. மணி எனக்கு எங்கங்க தெரியும்?”

“டாக்டரு சீட்டுல என்ன போட்டிருக்கு? ஏழு முப்பத்தஞ்சுதான? அப்பறம் என்ன, அஸ்தந்தான். ஆக வேண்டியதப் பாருங்க.”

அதோடு முடிந்திருக்கும். மூங்கில் வெட்டுகிறவர் மறுபடி அரிவாளை எடுத்துவிட்டார். அப்போது நான் சொன்னேன்.

“இல்ல பெரியப்பா. அது டாக்டர் வந்து பாத்த நேரம். உயிர் போனது ஏழு பதினொன்னு.”

ஏன் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். உறையூர் நண்பன் கோபமாகவே கேட்டான். எனக்கு அடைப்பில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்றும் நான் அங்கே சொல்லவில்லை. நேரம் தவறாகச் சொல்லப்பட்டது, எனக்குச் சரியான நேரம் தெரியும், அவ்வளவுதான் அப்போது தலைக்குள் இருந்தது. அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. நேரம் மட்டும் தெளிவாக இருந்தது.

“உனக்கு எப்படிரா தெரியும்?” என்றார் பெரியப்பா.

நோட்டை எடுத்துவந்து காட்டினேன். அவர் வாங்கவில்லை. மாமாவிடம் நீட்டினேன். மாமா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“ஏழு பதினொண்ணு. என்னது இது, காக்கைன்னு போட்டிருக்கு?”

“காக்கை மண்டலம் மாமா. நீங்க அஸ்தம்னு சொல்றது அந்த நட்சத்திரங்களத்தான். அதுல ஒண்ணு தெரிஞ்ச நேரம் அது. எழுதி முடிக்கறதுக்குள்ள அம்மா கத்திட்டாங்க.”

மாமா பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டுக்கும் எட்டு நிமிடம் வித்தியாசம். அக்கா அறைக்குள் அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். தலையைத் தூக்கி, “இல்லடா, அப்பா...” என்று ஆரம்பித்தாள். பெரியம்மா அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியை எடுத்தார். அக்காவின் குரல் அதில் அமுங்கிப்போனது. நான் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை.

“படிச்ச புள்ள எழுதியே வச்சிருக்கான்,” என்றார் பெரியப்பா. “அப்பறம் பேச்சு என்ன இருக்கு?”

அந்த வீட்டில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம், வேறு பஞ்சாங்கத்தில் வேறு நேரம் இருந்திருக்கும் என்று பேராசிரியர் பிறகு சொன்னார். அந்த முற்றத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எங்காத்துல இதெல்லாம் பாக்கற வழக்கமில்லை. ஆனா பேத்தி பிரசவத்துக்கு வரா. மாமி பயப்படுவா. தெரியாம இருந்திருந்தா வேற. தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதோன்னோ?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை இருந்துகொள்ளச் சொன்னார். திரும்பி வரலாம் என்றும் சொன்னார், ஆனால் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் வாடகை உண்டு.

உறையூரில் நண்பனின் தெருவில் ஓர் அறை கிடைத்தது. அப்பாவின் லோடு ஆட்டோவில்தான் சாமானை ஏற்றினோம். அவருடைய ஸ்டாண்டுக்காரர் ஒருவர் ஓட்டினார். வழியெல்லாம் அவர், “கியர் இப்படி இழுக்குதே, இத எப்படி ஓட்டுனாரு மனுசன்,” என்று திட்டிக்கொண்டே வந்தார். அம்மா முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். முன்வீட்டு வேலைக்கு வேறு ஓர் அம்மா வந்துவிட்டார்.

விளக்கு ஏற்றுவது என் வேலையானது. அக்காவுக்குக் கடை விட ஒன்பதாகும். அம்மாவால் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. முதல் நாள் சாவியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள். பிறகு நான் அழைத்துப் போகவில்லை. உறையூரிலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம். பூட்டைத் திறப்பேன். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு. எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டுப் பூட்டுவேன். அதற்குள் பொழுது சரியாக இருட்டிக்கொண்டு வரும். படி பக்கத்திலேயே இருந்தது. ஏறிவிடுவேன்.

பேராசிரியர், “போதும்ப்பா, நீ நிறுத்திடு. இருக்கறத வச்சு எழுதிக்கலாம்,” என்றார்.

“இல்ல சார். எப்படியும் அங்க போறேன்.”

நோட்டில் அந்த ஏகாதசி நாளுக்கும் அடுத்த குறிப்புக்கும் நடுவே பதினேழு நாள் காலி. அதற்குப் பிறகு மழை மேகம் இல்லாத எல்லா நாளும் இருக்கிறது. ஏழு பதிமூன்று. ஏழு பதினான்கு. ஆனியில் சதுரம் மேற்கே சரிந்தது. ஆடியில் இன்னும் சரிந்து சாலை விளக்கு வெளிச்சத்துக்குள் போனது. லால்குடிக்காரன் போனில் நேரத்தை மட்டும் சொன்னான். கிண்டல் செய்வதை விட்டுவிட்டான். செய்திருக்கலாம். கீழே பூட்டிய அறைக்குள் விளக்கு எரியும். ஜன்னல் இடுக்கில் அந்த வெளிச்சம் தெரியும். என் கண் இருட்டுக்குப் பழகுவதை அது கெடுக்கும் என்பதால் அந்தப் பக்கம் திரும்பாமல் நிற்பேன். அதைக்கூட நோட்டில் ஒரு குறிப்பாக எழுதியிருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் வீட்டைத் திறந்தோம். ஐயர் வந்து ஹோமம் செய்து தண்ணீர் தெளித்தார். பால் காய்ச்சினோம். மாமி ஒரு பாக்கெட் பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு அம்மா சமையல்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவும் நானும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை வாசனை.

“அந்த நோட்டக் கொண்டா,” என்றாள் அக்கா.

கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இதுல நான் எங்கடா இருக்கேன்?”

“நீ எதுக்கு இதுல?”

“நான்தான கையப் பிடிச்சிட்டு இருந்தேன்.” அவள் நோட்டை மூடவில்லை. “நீ வந்து மூக்குல விரல வச்சுப் பாத்தியே, அப்ப அப்பா என் கைய அழுத்துனாரு. நீ போன் பேசினப்ப அழுத்துனாரு. டாக்டரக் கூப்பிட ஓடினப்பவும். ‘இருக்காருடா’ன்னு சொன்னேன். அம்மா போட்ட சத்தத்துல உனக்குக் கேக்கல.”

“எவ்வளவு நேரம்?”

“நான் என்ன மணியாப் பாத்தேன்? வாசல்ல ஸ்கூட்டர் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் அப்பா பிடி விட்டுச்சு.”

நான் டாக்டரோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது ஏழரையாவது இருக்கும். அஸ்தம் பிறந்து பத்து நிமிடத்துக்கு மேல். இதுதான் இரண்டாவது விதம். உயிர் போனபோது நான் மாடியில் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன், கிளினிக்கில், ஒரு குழந்தைக்கு ஊசி போட்டு முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றிருந்தேன்.

“அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?”

“சொல்ல வந்தேன். பெரியம்மா கட்டிக்கிட்டு அழுதாங்க. அப்பறம் நீ நோட்டக் காட்டிட்ட. நீ எழுதி வச்சிருக்க, நான் கைய வச்சு என்னத்தச் சொல்றது? எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாமதான் ஆசையில அப்படி நெனச்சுக்கிட்டோமோன்னு.” நோட்டை என் பக்கம் நீட்டினாள். “என்னை யாரும் கேக்கவும் இல்லையே.”

இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்காவின் கையைப் பார்த்தேன். சேலை மடித்து மடித்து விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. நோட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தேன். நட்சத்திரத்தின் நேரம் சரிதான். அதை இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதியிருந்தேன்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாங்கள் பேசியது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

“மூணு மாசத்துக்கு எல்லாமா எவ்வளவு ஆச்சு? உன் நோட்டுலதான எழுதி வச்சிருப்ப, படி,” என்றாள்.

எழுதித்தான் வைத்திருந்தேன், கடைசிப் பக்கத்தில். இரண்டு வீட்டு வாடகை, சாமான் ஏற்றி இறக்கியது, ஐயருக்குக் கொடுத்தது, விளக்குக்கு எண்ணெய், என் பஸ் டிக்கெட். ஒரு தடவை கூட்டினேன். மேலேயிருந்து கீழே மறுபடி ஒரு தடவை கூட்டினேன். பிறகு படித்தேன். முப்பத்து நான்காயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.